கிட்டார் கேபினெட்டில் இரண்டு வகை ஸ்பீக்கர்: நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு

பாளையங்கோட்டை, நாசரேத், சாயர்புரம், டோனாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஞாயிறு ஆராதனையில் ஒரு கீபோர்டும் ஒரு கிட்டாரும் இருக்கும். கல்லூரி விழா, கல்யாண ரிசப்ஷன் கச்சேரி என்று அதே கிட்டாரும் அதே ஆம்ப்ளிஃபையரும் (ஆம்ப்) ஊர் ஊராகப் போய் வரும். இப்படி அலைகிற ஆம்ப்பில் என்றைக்காவது ஒரு ஸ்பீக்கர் கரகரக்கும், இல்லையென்றால் ஒரேயடியாக ஊமையாகிவிடும். அப்போதுதான் கேள்வி வரும்: இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் ஒன்று போனால் அதே மாடலைத் தேடி அலையணுமா, வேறு ஒன்றைப் போட்டால் ஆகாதா?

ஆகும். ஒன்றும் பழுதாகாத பெட்டியிலேயே வேண்டுமென்று இரண்டு வகை ஸ்பீக்கர் போட்டு வாசிக்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. ஆனால் "எந்த மாடலோடு எந்த மாடல் சேரும்" என்ற இடத்தில் ஆரம்பித்தால் காசுதான் கரையும். மூன்று எண்களைப் பார்த்துவிட்டுப் பெயர்களிடம் போக வேண்டும். ஓம் (மின்தடை), வாட் (ஸ்பீக்கர் தாங்கும் பவர்), சென்சிட்டிவிட்டி (எவ்வளவு சத்தம் தரும் என்பது). முதல் இரண்டும் ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் காப்பாற்றும். மூன்றாவதுதான் நீங்கள் கொடுத்த காசு காதுக்கு வந்து சேருகிறதா இல்லையா என்று தீர்மானிக்கும். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எதற்காகக் கலப்பது

கிட்டார் ஸ்பீக்கர் வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர் மாதிரி உள்ளதை உள்ளபடி தருவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது பெரிதாக எதுவும் தராது. அதற்குக் கீழேயும் சில இடங்களைத் தூக்கும், சில இடங்களை விழுங்கும். எதைத் தூக்குகிறது, எதை விழுங்குகிறது என்பதுதான் ஒவ்வொரு மாடலின் குணம். இங்கிலாந்தின் செலஸ்டியன் கம்பெனியின் வின்டேஜ் 30 மேல்-நடு ஒலியை முன்னால் தள்ளும். கூட்டத்தில் சோலோ தனியாகக் கேட்கும், ஆனால் ஒரு மணி நேரம் கேட்டால் சிலருக்குக் காது கடுக்கும். அதே கம்பெனியின் கிரீன்பேக் மெத்தென்று பேசும். ஜி12டி-75 அடியையும் (பேஸ்) நுனியையும் (டிரெபிள்) கொடுத்து நடுவைக் கொஞ்சம் குழித்துவிடும். ஒன்றின் குழியில் இன்னொன்றின் மேடு விழுந்தால் ஒலி நிறைவாக இருக்கும். கலப்பதன் பயன் இவ்வளவுதான். இரண்டும் ஒரே இடத்தில் மேடாக இருந்தால் கலந்தும் பிரயோஜனம் இல்லை.

ஒரு காசும் செலவழிக்காமல் இதை முதலில் கேட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஆம்ப்பில் வெளி ஸ்பீக்கருக்கான சாக்கெட் இருந்தால், நண்பருடைய ஒற்றை ஸ்பீக்கர் கேபினெட்டை இரவல் வாங்கி உங்களுடையதோடு சேர்த்து மாட்டுங்கள். ஓம் கணக்கு ஒத்துவருகிறதா என்று மட்டும் அடுத்த பகுதியைப் படித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசித்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். பிடிக்கவில்லை என்றால் திருகுப்புளியைக் கையில் எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

முதல் எண்: ஓம்

ஸ்பீக்கரின் முதுகில், காந்தத்தின் மேல் ஒட்டிய லேபிளில் 4, 8 அல்லது 16 ஓம் என்று இருக்கும். ஆம்ப்பின் பின்னால் சாக்கெட் பக்கத்திலும் ஓம் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும்.

இரண்டு ஸ்பீக்கரை இணைக்க இரண்டு வழி. சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் கூட்டல்: 8-ம் 8-ம் சேர்ந்து 16. பேரலலில் (இரண்டும் தனித்தனியாக ஆம்ப்போடு) போட்டால், இரண்டும் ஒரே ஓம் என்றால் பாதி: 8-ம் 8-ம் சேர்ந்து 4, 16-ம் 16-ம் சேர்ந்து 8. அதனால் ஆம்ப் 8 ஓம் கேட்டால், பேரலலில் போட நீங்கள் வாங்க வேண்டியது இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர். ஆம்ப்பில் 8 என்று போட்டிருக்கிறதே என்று 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை ஆர்டர் செய்துவிட்டு, அது வீட்டுக்கு வந்த பிறகு விழிக்கிறவர்கள் நிறையப் பேர். முதலில் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரின் லேபிளைப் பாருங்கள்; புதிதாக வருவதும் அதே ஓம்தான்.

ஒன்று 8, ஒன்று 16 என்று கலக்கலாமா? கணக்குப்படி முடியும். பேரலலில் போட்டால் 5.33 ஓம் வரும். பவரில் மூன்றில் இரண்டு பங்கை 8 ஓம் ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளும். சீரீஸில் போட்டால் நேர்மாறு, 16 ஓம்தான் பெரும்பங்கை எடுக்கும். விவரம் தெரிந்தவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை வைத்தே விளையாடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆம்ப் எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். அதில் எழுதியிருக்கும் ஓமுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. போனால் சூடேறிப் புகையும். மேலே போனால் சத்தம் குறையும், வேறு ஆபத்து இல்லை. வால்வு ஆம்ப் (உள்ளே கண்ணாடி வால்வுகள் ஒளிரும் வகை) என்றால் சாக்கெட்டில் எழுதியிருக்கும் ஓமும் கேபினெட்டின் ஓமும் ஒன்றாகவே இருக்கட்டும். இன்னொன்று: வால்வு ஆம்ப்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து வாசித்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதைச் சரிசெய்கிற செலவில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கிவிடலாம்.

இரண்டாவது எண்: வாட்

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. 25 வாட் ஸ்பீக்கரையும் 60 வாட் ஸ்பீக்கரையும் சேர்த்தால் 85 வாட் தாங்கும் என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் பவர் சமமாகப் பிரிவதால், சின்னதை இரண்டால் பெருக்க வேண்டும்: 50 வாட். அதுவும் மேல்வரம்பு. வால்வு ஆம்ப்பை முழுக்கத் திருகி வைத்தால் பெட்டியில் எழுதியிருப்பதைவிட அதிகமாகவே தள்ளும் என்பதால், 30 வாட் ஆம்ப்புக்கு 50 வாட் தாங்கும் ஜோடி சரி. 50 வாட் ஆம்ப்புக்கு அதே ஜோடி பிழைக்காது.

மூன்றாவது எண்: சென்சிட்டிவிட்டி

ஒரு வாட் பவர் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதுதான் இது. கிட்டார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 95-க்கும் 102-க்கும் நடுவில் இருக்கும். லேபிளில் இருக்காது, கம்பெனியின் விவரத்தாளில் இருக்கும். ஒன்றிரண்டு எண்தானே வித்தியாசம் என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். 3 டெசிபெல் வித்தியாசம் என்றால், அதிகமுள்ள ஸ்பீக்கர் மற்றதைவிட இரண்டு மடங்கு பவர் வாங்கியதுபோல் கேட்கும்.

உதாரணத்துக்கு வின்டேஜ் 30-க்கு 100 டெசிபெல். ஜி12டி-75-க்கு 97. ஒரே பெட்டியில் போட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது பெரும்பாலும் வின்டேஜ் 30-தான். மற்றது அடியில் கொஞ்சம் கனம் கொடுக்கும், அவ்வளவே. இது கெட்ட ஜோடி என்று சொல்லவில்லை. ஹெவியாக வாசிக்கிற பலருக்கு இதே ஜோடி பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியதே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருப்பது. நீங்கள் "பாதிக்குப் பாதி" என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம். கிரீன்பேக்குக்கு 98, வின்டேஜ் 30-ஓடு போட்டால் 2 டெசிபெல்தான் இடைவெளி, இரண்டின் குரலும் கேட்கும். 97 டெசிபெல் உள்ள ஜி12எம் கிரீம்பேக்கைக் கிரீன்பேக்கோடு போட்டால் இடைவெளி இன்னும் குறைவு, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம், கலந்ததே தெரியாது.

ஆக என் அபிப்பிராயம் இது: முதல் முயற்சியில் இடைவெளி 2 டெசிபெலுக்குள் இருக்கட்டும். குணம் வேறாக இருக்கட்டும். சத்தம் சமமாகவும் குணம் வேறாகவும் இருந்தால் ஆம்ப்பின் குமிழ்களை வைத்தே மீதியைச் சரிசெய்துகொள்ளலாம். சத்தமே சமமில்லை என்றால் எந்தக் குமிழாலும் அதைத் திருத்த முடியாது, ஏனென்றால் நீங்கள் திருகுவது இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்துத்தான் போகிறது.

பெயர்களைப் பற்றி இப்போது பேசலாம்

சர்ச்சில் கிளீனாகவும் லேசான டிரைவோடும் (கொஞ்சம் கரகரப்பு சேர்த்து) வாசிக்கிறவர்களுக்கு கிரீன்பேக்கும் வின்டேஜ் 30-ம் நல்ல தொடக்கம். ஒன்று குரலுக்குக் கீழே அடங்கி நிற்கும், மற்றது கீபோர்டைத் தாண்டிக் கேட்கும். மொத்தம் 50 வாட்தான் தாங்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பெரிய ஆம்ப் என்றால் கிரீன்பேக்கின் இடத்தில் 65 வாட் தாங்கும் ஜி12எம் கிரீம்பேக்கைப் போடலாம். இடைவெளி 3 டெசிபெல் ஆகிவிடும், வின்டேஜ் 30 கொஞ்சம் முந்தும். அது வேண்டாம் என்றால் 75 வாட்டும் 100 டெசிபெலும் உள்ள ஜி12எச் கிரீம்பேக்கை வின்டேஜ் 30-ஓடு போடுங்கள். சத்தம் சமம், அடியில் நல்ல உருட்டு.

அல்னிகோ காந்தம் போட்ட ஸ்பீக்கர்களைப் பற்றி நிறையப் புகழ்ச்சி காதில் விழும். ஓங்கி அடித்தால் அமுங்கிக் கொடுத்து, இனிமையாகவும் இருக்கும், உண்மைதான். செலஸ்டியன் புளூ என்பது அந்த வகை, வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பால் பேர் பெற்றது. ஆனால் அது தாங்குவது 15 வாட், விலையோ மற்றவற்றைவிடப் பல படி மேலே. முதல் கலவைக்கு அது எதற்கு?

மைக்செட் கடையில் கிடைக்கும் 12 இஞ்சு ஸ்பீக்கரைப் போட்டால் என்ன என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். விலை குறைவு, வாட் அதிகம், ஜங்ஷனிலேயே கிடைக்கும். ஓம் சரியாக இருந்தால் எதுவும் பழுதாகாது. ஆனால் அது பாட்டையும் பேச்சையும் சமமாகத் தருவதற்குச் செய்தது. கிட்டாரின் நடு ஒலியை அது தூக்கிக் கொடுக்காது. கிட்டார் ஸ்பீக்கர் பக்கத்தில் போட்டால் பெரும்பாலும் மந்தமாக ஒதுங்கி நிற்கும். மைக்செட் ஸ்பீக்கர் மைக்செட்டிலேயே இருக்கட்டும்.

இதே காரணத்துக்காகக் கோன் (முன்னால் அதிரும் காகிதக் கூம்பு) மாற்றிய பழைய ஸ்பீக்கரை வாங்கும்போதும் ஜாக்கிரதை. ஸ்பீக்கரின் குரல் பெரும்பாலும் அந்தக் காகிதக் கோனில்தான் இருக்கிறது. சட்டமும் காந்தமும் பழைய செலஸ்டியனாகவும் கோன் மட்டும் மைக்செட் ஸ்பீக்கருடையதாகவும் இருந்தால், லேபிளில் என்ன பேர் இருந்து என்ன, குணம் மாறிப்போயிருக்கும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள் என்பதும் முக்கியம். இருக்கிற ஸ்பீக்கரில் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழைய குரல் காதில் இருப்பதால் புதிது என்ன செய்கிறது என்று தெளிவாகத் தெரியும். செலவும் பாதி.

கழற்றுவதும் மாட்டுவதும்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். வால்வு ஆம்ப் என்றால் ஆறவிடுங்கள். ஆம்ப்பின் இரும்புப் பெட்டிக்குள் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். நமக்கு வேலை ஸ்பீக்கர் பக்கத்தில் மட்டும். வயரைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை முகம் கீழே இருக்கும்படி ஒரு பாயின் மேல் படுக்க வையுங்கள். பத்தமடைப் பாய் வேண்டாம், சாதாரணக் கோரைப் பாய் போதும். பின்பலகையைக் கழற்றியதும் தரையைப் பெருக்கிவிடுங்கள். இது சுத்தத்துக்காகச் சொல்வதில்லை. ஆசாரி வேலை நடந்த இடம், வெல்டிங் பட்டறைப் பக்கம் என்றால் தரையில் இரும்புத் தூள் கிடக்கும். ஸ்பீக்கர் காந்தம் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு துணுக்கு காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச் சுருள்) இடுக்கில் போய்விட்டால் ஆயுசுக்கும் கரகரப்புதான்.

கையில் பிடித்த திருகுப்புளியையும் காந்தம் இழுக்கும். எதிர்பாராமல் நுனி வழுக்கிக் கோனில் குத்துவது இப்படித்தான். ஒரு கையால் திருகுப்புளியைத் திருப்பும்போது, மற்றக் கையால் அதன் தண்டைச் சுற்றிப் பிடித்து, விரல்களைக் கோன் பக்கம் தடுப்பாக வையுங்கள்.

புது ஸ்பீக்கரைப் பொருத்தும்போது திருகுகளை வரிசையாக இறுக்காதீர்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரு சுற்று தொட்டுவிட்டு மறுபடி ஒரு சுற்று. பலம் காட்டினால் ஸ்பீக்கரின் சட்டம் வளைந்து காயில் உரசும். உரசுகிறதா என்று பார்க்க, விரல் நுனிகளைக் கோனின் நடுமூடியைச் சுற்றி வட்டமாக வைத்து மெதுவாக அமுக்கி விடுங்கள். வழுவழுவென்று போய் வர வேண்டும். மணலில் தேய்ப்பதுபோல் ஒரு நெருநெரு கையில் தெரிந்தால் திருகைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள். புது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் இதே சோதனையைச் செய்துவிடுவது நல்லது, கூரியரில் அடிபட்டு வருவதும் உண்டு.

வயர்

உள்ளே போடும் வயர் பற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் ஒன்றரை ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் செப்பு வயர் போதும், சிவப்பும் கறுப்பும் ஒவ்வொரு மீட்டர். ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்குப் போகும் கேபிள் மட்டும் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் மெலிசு, அதை இங்கே மாட்டாதீர்கள்.

பேரலல் என்றால்: சாக்கெட்டின் நுனி முனையிலிருந்து (ஜாக்கின் நுனி தொடும் முனை) இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ்ஸுக்கும் சிவப்பு, சாக்கெட்டின் உடல் முனையிலிருந்து இரண்டின் மைனஸுக்கும் கறுப்பு. சீரீஸ் என்றால்: நுனியிலிருந்து முதல் ஸ்பீக்கரின் பிளஸ், முதலாவதின் மைனஸிலிருந்து இரண்டாவதின் பிளஸ், இரண்டாவதின் மைனஸிலிருந்து சாக்கெட்டின் உடல்.

இரண்டு வழியும் சாத்தியமாக இருந்தால் புதியவர்களுக்கு நான் சொல்வது பேரலல்தான். பேரலலில் இரண்டும் ஆம்ப்பை நேராகப் பார்க்கின்றன. சீரீஸில் ஒன்றின் குணம் மற்றதில் போய்க் கை வைக்கும், ஏனென்றால் ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வேறு வேறு மாடல் என்றால் ஸ்வரத்துக்கு ஸ்வரம் பங்கு மாறும். அந்தத் தளர்வான ஒலியை விரும்புகிறவர்களும் உண்டு. இன்னொரு காரணம் பாதுகாப்பு. சீரீஸில் ஒரு காயில் அறுந்தால் மொத்தமும் ஊமை, வால்வு ஆம்ப் சுமையில்லாமல் நிற்கும். பேரலலில் மற்றது வாசித்துக்கொண்டே இருக்கும், பாட்டை முடித்துவிட்டு ஆஃப் செய்யலாம்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதாக இருந்தால் சீக்கிரம் முடியுங்கள். முனையை நெடுநேரம் சுட்டால் அங்கிருந்து கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் வயர் கழன்றுவிடும். முதலில் வயர் நுனிக்குத் தனியாக ஈயம் பூசிக்கொண்டு, முனையில் வைத்து ஒரே தொடுதலில் முடிக்க வேண்டும். கோனின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு வையுங்கள், ஈயச் சொட்டு விழுந்தால் காகிதம் தாங்காது. பயமாக இருந்தால் தள்ளிச் சொருகும் திம்பிள் (வயர் நுனியில் மாட்டும் தகட்டு முனை) போட்டுவிடுங்கள். பிறகு மாற்றிப் பார்க்கவும் அதுதான் வசதி.

பேட்டரி சோதனை

வேறு வேறு கம்பெனி ஸ்பீக்கர்களைக் கலக்கும்போது கட்டாயம் செய்ய வேண்டியது இது. இரண்டு கோனும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தால் அடி ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். கொடை விழாக்களில் பாக்ஸ் கட்டுகிற மைக்செட் அண்ணாச்சிகளுக்கு இது தண்ணி பட்ட பாடு. வயர் தலைகீழாக மாட்டிய பாக்ஸைத் தூரத்திலிருந்து கேட்டே சொல்லிவிடுவார்கள்: "சத்தம் கேக்கும்டே, நெஞ்சுல அடிக்காது."

ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும், ஒன்றரை வோல்ட் செல்லிலும் நடக்கும். பேட்டரியின் மைனஸை ஸ்பீக்கரின் மைனஸில் வைத்துக்கொண்டு, பிளஸ்ஸை மற்ற முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். டப் என்று ஒரு சத்தம் வரும், கோன் துள்ளும். வெளியே துள்ளினால் முனை அடையாளம் சரி. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நடுமூடியில் விரலை மெல்ல வைத்துக்கொண்டு தொடுங்கள். விரல் பொய் சொல்லாது. பேட்டரியைத் தொட்டபடியே வைத்திருக்காதீர்கள், காயில் சூடாகும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். அந்த மாதிரி ஒன்று கைக்கு வந்தால் அதன் வயர்களை மட்டும் மாற்றி மாட்டினால் சரி.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு இதையே மொத்தப் பெட்டிக்கும் செய்யுங்கள். ஸ்பீக்கர் கேபிளைக் கேபினெட்டில் சொருகி, மறுமுனை ஜாக்கின் நுனியில் பிளஸ், உடலில் மைனஸ். இரண்டு கோனும் ஒன்றாக வெளியே துள்ள வேண்டும். அதே ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்து ஓமும் பார்த்துவிடலாம். மீட்டர் காட்டுவது லேபிளில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்: 8 ஓம் பெட்டி 6-லிருந்து 7 வரை காட்டும், 16 ஓம் என்றால் 12, 13 பக்கம், 4 ஓம் என்றால் 3-க்குச் சற்று மேல். எண் சம்பந்தமே இல்லாமல் வந்தால் ஆம்ப்பில் மாட்டாதீர்கள், வயரைப் பாருங்கள்.

பின்பலகையை முழுக்க மூடும் பெட்டி என்றால் ஒரு வேடிக்கை. மூடிய பிறகு ஒரு கோனை விரலால் மெதுவாக உள்ளே அமுக்கினால் மற்றது தானாக வெளியே வரும். இரண்டுக்கும் உள்ளே காற்று ஒன்றுதான். அதனால்தான் மூடிய பெட்டியில் போன ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினாலும் ஒலி ஒரு மாதிரியாகிறது; செத்த கோனும் சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும்.

எதை மேலே வைப்பது

பெட்டியை நிமிர்த்தி வைத்தால் ஒரு ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்திலும் மற்றது முழங்காலுக்குப் பக்கத்திலும் இருக்கும். நுனி ஒலி நேராகத்தான் போகும். முழங்காலைப் பார்த்து நிற்கும் ஸ்பீக்கரின் கூர்மை வாசிப்பவருக்குக் கேட்கவே கேட்காது, முதல் வரிசையில் இருக்கும் ஆச்சிக்குத்தான் கேட்கும். ஆகவே பிரகாசமான ஸ்பீக்கரை மேலே வையுங்கள். அது உங்கள் காதில் உறைத்தால் டிரெபிளை நீங்களே குறைத்துவிடுவீர்கள். கீழே இருந்தால் தெரியாமல் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

நான்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருப்பவர்கள் இரண்டு இரண்டாகக் குறுக்கே, பெருக்கல் குறி மாதிரி போடுவார்கள். எங்கே நின்றாலும் கலவை ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். ஆனால் இங்கே சின்ன மேடைக்கும் குட்டியானை வண்டிக்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியே தாராளம்.

வாசித்துக் கேட்பது

புது ஸ்பீக்கர் முதல் நாள் விறைப்பாகத்தான் இருக்கும். கோனின் விளிம்பு இளகச் சில வாரம் வாசிப்பு வேண்டும். அதற்குள் "சரியில்லை" என்று திருப்பி அனுப்பத் துடிக்காதீர்கள்.

வீட்டில் கேட்டு முடிவு செய்யவும் வேண்டாம். பாளையங்கோட்டை கதீட்ரல், மெஞ்ஞானபுரம், இடையன்குடி மாதிரி உயரமான பழைய ஆலயங்களில் ஒலி சுவரில் மோதி நெடுநேரம் சுற்றும். ஹாலில் இனிமையாகக் கேட்ட அடி ஒலி அங்கே குழம்பிவிடும். அங்கே போனால் பேஸை முதலில் குறையுங்கள், பிறகுதான் மற்றக் குமிழ்கள். ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நடுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து கேளுங்கள். பாடகர் குழு பாடும்போது கேட்டால் இன்னும் நல்லது. தனியாகக் கேட்கும்போது மெலிசாகத் தோன்றும் கிட்டார்தான் பாட்டோடு சேரும்போது சரியான இடத்தில் உட்காரும்.

மைக் வைப்பதாக இருந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு மைக்கை நிறுத்தாதீர்கள். இரண்டு ஒலியும் வேறு வேறு தூரம் கடந்து வந்து சில ஸ்வரங்களை விழுங்கிவிடும். மிக்சரில் இரண்டு சேனல் காலியாக இருந்தால் ஸ்பீக்கருக்கு ஒரு மைக், கோனிலிருந்து இரண்டுக்கும் ஒரே தூரம். பெரும்பாலும் ஒரு சேனல்தான் கிடைக்கும், அதற்கும் கீபோர்டுக்காரரோடு மல்லுக்கு நிற்க வேண்டும். அப்போது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மைக்கை வைத்துவிடுங்கள். எந்த ஸ்பீக்கர் என்றால், மிக்சரில் இருப்பவரை இரண்டையும் கேட்கச் சொல்லுங்கள். கலவையின் சுகம் மேடையில் இருக்கிற உங்களுக்கு. சபைக்குப் போவது அந்த ஒன்றுதான்.

மழையும் வண்டியும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் ஓரம் ஈரம் ஊறும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வையுங்கள். பார்ட்டிகிள் போர்டு பெட்டி என்றால் அடிப்பலகை ஊதிவிடும், கரையானும் விடாது. புதிதாகப் பெட்டி செய்யச் சொல்வதாக இருந்தால் ஆசாரியிடம் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் என்று சொல்லுங்கள். துளை எவ்வளவு என்று வாயால் சொல்லாமல் ஸ்பீக்கரையே கொண்டுபோய்க் காட்டுங்கள். 12 இஞ்சு ஸ்பீக்கருக்கு 12 இஞ்சு துளை போட்டால் ஸ்பீக்கர் அதில் நிற்காது, ஏறக்குறைய 11 இஞ்சு வெட்ட வேண்டும். முதுகு திறந்த பெட்டியாக இருந்தால் பின்னால் கம்பி வலை அடித்துவிடுங்கள். எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் ஆரம்பித்தால் பெட்டி ராத்திரி முழுக்கக் குட்டியானையில் குலுங்கும். வண்டியில் ஏற்றும்போது ஸ்பீக்கர் முகம் மேலே பார்க்காமல் பெட்டியை நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். சீசன் முடிந்ததும் எல்லாத் திருகையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும்.

கடைசியாக, பின்பலகையை மூடும் முன் அதன் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள்: மேலே எந்த ஸ்பீக்கர், கீழே எது, ஒவ்வொன்றும் எத்தனை ஓம், சீரீஸா பேரலலா, மொத்தம் எத்தனை ஓம், எத்தனை வாட் வரை, மாட்டிய மாதமும் வருஷமும். மொத்த ஓமையும் வாட்டையும் வெளியே சாக்கெட் பக்கத்திலும் எழுதுங்கள். சர்ச் பெட்டி என்றால் அடுத்த வருஷம் அதை மாட்டப்போகிறவர் வேறு ஒரு பையனாக இருப்பான், அவன் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டுவான் என்று நம்பிவிடாதீர்கள்.